வீடு முழுக்கப் பாட்டு... எந்த ஸ்பீக்கரை மாத்தலாம், எதை மாத்தவே கூடாது?

ஹாலில் ஒரு ஸ்பீக்கர், பெட்ரூமில் ஒன்று, கிச்சன் ஷெல்ஃபில் மசாலா டப்பாவுக்குப் பக்கத்தில் குட்டியாக இன்னொன்று. ஆஃபர் வந்தபோது ஒன்று, பிறந்தநாளுக்கு ஒன்று, அமெரிக்காவில் இருந்து அண்ணன் வரும்போது சூட்கேஸில் ஒன்று எனச் சேர்ந்தவை. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு ஃப்ளாட்களில் மல்டிரூம் மியூசிக் சிஸ்டம் பெரும்பாலும் இப்படித்தான் உருவாகிறது. யாரும் பிளான் போட்டு வாங்குவதில்லை.

அப்புறம் ஒருநாள், 'சவுண்டு பத்தலையே, அப்கிரேடு பண்ணலாமா?' என்று தோன்றும். உடனே யூடியூபில் ரிவ்யூ பார்க்க ஆரம்பிப்போம். கொஞ்சம் பொறுங்க பாஸ். எந்த ஸ்பீக்கர் நல்லது என்பதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் சில இருக்கின்றன. அதைத் தெரிந்துகொள்ளாமல் போனால் 50,000 ரூபாய் ஸ்பீக்கரும் ஐந்தே வருஷத்தில் வெறும் டப்பா ஆகிவிடலாம். சும்மா பயமுறுத்தவில்லை, உலகம் முழுக்க நிஜமாகவே நடந்திருக்கிறது.

ப்ளூடூத் வேற, மல்டிரூம் வேற!

ப்ளூடூத் ஸ்பீக்கரில் பாட்டு உங்கள் போனில் இருந்து நேராகப் போகிறது. போனை எடுத்துக்கொண்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனால் பாட்டு கட். அழைப்பு வந்தாலும் கட். வைஃபை மல்டிரூம் சிஸ்டத்தில் கதையே வேறு. ஸ்பாட்டிஃபை கனெக்ட், கூகுள் காஸ்ட் மாதிரி முறைகளில் போன் வெறும் ரிமோட்தான். பாட்டை இன்டர்நெட்டில் இருந்து ஸ்பீக்கரே இழுத்துக்கொள்ளும். போனை ஆஃப் செய்தாலும் பாட்டு ஓடும். ஆப்பிளின் ஏர்பிளே கொஞ்சம் வித்தியாசம். அதில் பெரும்பாலும் ஐபோன் வழியாகத்தான் பாட்டு போகும். ஐபோனில் இருந்து ஒரே நேரத்தில் பல அறைகளுக்கு அனுப்பும் வசதி 2018-ல் ஏர்பிளே 2-ல்தான் வந்தது.

இதில் உண்மையான வித்தை, எல்லா அறையிலும் ஒரே நொடியில் ஒரே வரியைப் பாட வைப்பது. ரெண்டு ஸ்பீக்கருக்கு நடுவே 30 மில்லி செகண்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் நம் காது எதிரொலி போல அதைக் கண்டுபிடிக்கத் தொடங்கும். நம்ம ஊர் வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். ஆக, ஹாலுக்கும் பின்பக்க பெட்ரூமுக்கும் 10 மீட்டர் இருந்தால் காற்றில் வருவதற்கே கிட்டத்தட்ட 29 மில்லி செகண்ட் ஆகிவிடும். இதற்கு மேல் ஸ்பீக்கர்களும் தங்களுக்குள் தாமதித்தால் கல்யாண மண்டப எஃபெக்ட்தான். அதனால்தான் இந்த ஸ்பீக்கர்கள் தங்களுக்குள் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டே இருக்கின்றன. ஒரே 'குடும்பத்து' ஸ்பீக்கர்கள்தான் இப்படிப் பேசிக்கொள்ளும். சோனோஸ் ஒரு குடும்பம், கூகுள் காஸ்ட் ஒன்று, ஏர்பிளே 2 ஒன்று, அலெக்சா ஒன்று, வீம் ஒன்று. ஹாலில் ஒரு குடும்பம், பெட்ரூமில் வேறு குடும்பம் என வாங்கினால் ரெண்டும் தனித்தனியாகப் பாடும், சேர்ந்து பாடாது. சில மாடல்கள் ரெண்டு மூன்று குடும்பங்களில் உறவு வைத்திருக்கும். அப்கிரேடு என்று யோசிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இந்த உறவைத்தான்.

ஸ்பீக்கர் சாகாது... ஆப்தான் சாகும்!

ஒரு நல்ல ஸ்பீக்கர் பெட்டி 20, 30 வருஷம் உழைக்கும். அதற்குள் இருக்கும் சாஃப்ட்வேருக்கு அந்த ஆயுசு கிடையாது.

இந்தத் துறையில் பெரிய தலைக்கட்டு சோனோஸ். அமெரிக்காவின் சான்டா பார்பராவில் 2002-ல் ஆரம்பித்த கம்பெனி, 2005-ல் முதல் பிளேயரை விற்பனைக்கு விட்டது. 2019 கடைசியில் 'ரீசைக்கிள் மோட்' என ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பழைய பெட்டிக்குப் பதிலாகப் புதுசுக்கு 30 சதவிகிதம் தள்ளுபடி. ஆனால், அதற்குப் பழைய பெட்டியை ஆப்பில் ஒரு பட்டன் தட்டி நிரந்தரமாக முடக்க வேண்டும். 21 நாள் கழித்து, நன்றாக வேலை செய்யும் பெட்டி யாருக்கும் உதவாது. 'இதுவா சுற்றுச்சூழல் அக்கறை?' என்று எல்லோரும் கேட்டார்கள். 2020 ஜனவரியில் அடுத்த குண்டு: பழைய மாடல்கள் சிலவற்றுக்கு மே மாதத்தோடு சாஃப்ட்வேர் அப்டேட் கிடையாது. அதைவிட வலித்தது என்னவென்றால், பழசையும் புதுசையும் ஒரே சிஸ்டத்தில் வைத்திருந்தால் புதுசுக்கும் அப்டேட் வராது என்றார்கள். சத்தம் கிளம்ப, சி.இ.ஓ பேட்ரிக் ஸ்பென்ஸ் மன்னிப்புக் கேட்டார். ரீசைக்கிள் மோடைக் கைவிட்டார்கள். பழசுக்கு எஸ்1, புதுசுக்கு எஸ்2 என ஆப்பையே ரெண்டாகப் பிரித்தார்கள்.

அதோடு முடிந்ததா? 2024 மே மாதம் ஆப்பை முழுசாக மாற்றி எழுதி வெளியிட்டார்கள். தூங்கும்போது தானாக நிற்கும் ஸ்லீப் டைமர், அலாரம் செட்டிங் என மக்கள் தினமும் பயன்படுத்திய வசதிகள் அதில் காணாமல் போயிருந்தன. ஸ்பீக்கரில் ஒரு ஸ்க்ரூகூட மாறவில்லை. ஆனால், வாங்கியபோது இருந்த பொருள் அது இல்லை. 2025 ஜனவரியில் ஸ்பென்ஸ் பதவி விலகினார்.

கூகுளின் கதை இன்னும் சுவாரஸ்யம். 2015-ல் குரோம்காஸ்ட் ஆடியோ என்ற குட்டி வட்டத்தை வெளியிட்டார்கள். எந்தப் பழைய ஸ்பீக்கரிலும் செருகினால் அது வைஃபை ஸ்பீக்கர். இந்த விலையில் இவ்வளவு உருப்படியான பொருள் அதற்குப் பிறகு வரவில்லை என்பது என் கட்சி. 2019-ல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். 2025 மார்ச்சில் திடீரென ஒரு நாள் உலகம் முழுக்க அவை 'நம்பத்தகாத சாதனம்' என்று சொல்லிப் படுத்துக்கொண்டன. உள்ளே இருந்த டிஜிட்டல் சான்றிதழ் காலாவதி ஆகிவிட்டது, அவ்வளவுதான். கூகுள் சில நாள்களில் சரிசெய்தது. 'ஃபேக்டரி ரீசெட் மட்டும் பண்ணாதீங்க' என்றும் சொன்னது. அவசரப்பட்டு அதற்குள் ரீசெட் செய்தவர்களுக்குத்தான் கூடுதல் தலைவலி. (எந்த வைஃபை பொருளும் திடீரென மக்கர் செய்தால், ரீசெட் பட்டனை அமுக்கும் முன் ஒரு நாள் பொறுத்து, ஊருக்கே அந்தப் பிரச்னையா எனத் தேடிப் பாருங்கள்.)

போஸ் கம்பெனியும் தன் சவுண்ட்டச் வரிசைக்கு 2026-ல் கிளவுட் சேவையை நிறுத்தப்போவதாக 2025 அக்டோபரில் அறிவித்தது. எதிர்த் திசையிலும் ஓர் உதாரணம் உண்டு. லாஜிடெக் 2012-ல் கைவிட்ட ஸ்க்வீஸ்பாக்ஸ் பிளேயர்கள் இன்றும் பாடுகின்றன. காரணம், அதன் சர்வர் சாஃப்ட்வேர் ஓப்பன் சோர்ஸ். 'லிரியன் மியூசிக் சர்வர்' என்ற பெயரில் ஆர்வலர்களே அதை நடத்துகிறார்கள்.

இதில் இருந்து ஒரு பார்முலா எடுத்துக்கொள்ளலாம். மூளையையும் உடம்பையும் தனித்தனியாக வாங்குங்கள். மூளை என்பது பாட்டை இழுக்கும் ஸ்ட்ரீமர். உடம்பு என்பது ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும். நீங்கள் பெரும்பணம் போடப்போவது ஹாலில் என்றால், அங்கே ரெண்டும் ஒட்டிப் பிறந்த பெட்டியை வாங்காதீர்கள். மூளை காலாவதி ஆனால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். கிச்சனுக்கும் பெட்ரூமுக்கும் ஒட்டிப் பிறந்ததே போதும். அங்கே விலை கம்மி, போனால் போகிறது.

பரண் மேல ஒரு புதையல்

தாத்தா வீட்டுப் பரணில் ரெண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர் இருந்தால் அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். 1970-ல் கொல்கத்தாவில் ஆரம்பித்த சோனோடைன், அந்தக் கால காஸ்மிக், நார்ஜ், வெளிநாட்டில் இருந்து வந்த ஜப்பான் பெட்டிகள் என நம் வீடுகளில் நிறைய உண்டு. இவற்றில் பலதும் இன்று அதே விலைக்கு விற்கும் பிளாஸ்டிக் ஸ்பீக்கரைவிட நன்றாகவே பாடும்.

முன்பக்கத் துணியை மெதுவாகக் கழற்றிப் பாருங்கள். கூம்பு மாதிரி இருக்கும் பேப்பரைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அது ரப்பரோ துணியோ என்றால் பெரும்பாலும் தப்பித்தீர்கள். ஃபோம் என்றால், தொட்டதும் பழைய பிஸ்கட் போல உதிரும். நம் ஊர் வெக்கைக்கும் ஈரக்காற்றுக்கும் ஃபோம் 10, 15 வருஷம் தாங்கினாலே பெரிய விஷயம். அதற்காகக் கலங்க வேண்டாம். வளையத்தை மட்டும் மாற்றலாம், கூம்பையே புதிதாகப் போடும் ஆள்களும் இருக்கிறார்கள். விசாரிக்க வேண்டிய இடம் வேறு எது... ரிச்சி ஸ்ட்ரீட்தான். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடக்கும் தூரம். புதுசாக வாங்கச் சொல்லி உங்களை மடக்கப் பார்ப்பவர்களைத் தாண்டி உள்ளே போனால், சரிசெய்து தருபவர் ஒருவர் கிடைப்பார். ராஸ்பெர்ரி பை வாங்கி நீங்களே ஸ்ட்ரீமர் செய்யும் ஆசை இருந்தால் அதுவும் அதே தெருவில்தான்.

உடம்பு ரெடி. இப்போது மூளை. பழைய ஆம்ப்ளிஃபையர் நன்றாக இருந்தால் அதன் பின்னால் செருகும் சின்ன ஸ்ட்ரீமர் போதும். ஆம்ப் போய்விட்டது என்றால் ஸ்ட்ரீமரும் ஆம்பும் சேர்ந்த பெட்டிகள் உண்டு. வீம் ஆம்ப், சோனோஸ் ஆம்ப் எல்லாம் இந்த ரகம். கையடக்கப் பெட்டியில் ரெண்டு ஸ்பீக்கர் வயரைச் செருகி, வைஃபையில் சேர்த்துவிட்டால் தாத்தாவின் ஸ்பீக்கர் இப்போது உங்கள் கிச்சன் ஸ்பீக்கரோடு சேர்ந்து பாடும், குடும்பம் ஒத்துப்போகும் பட்சத்தில்.

எத்தனை வாட்ஸ் வேண்டும்? இந்தக் கேள்வியில்தான் நம் ஆள்கள் அதிகம் ஏமாந்திருக்கிறார்கள். '1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ' என்று ஸ்டிக்கர் ஒட்டிய டேப் ரெக்கார்டர் ஞாபகம் இருக்கிறதா? அது வெறும் கற்பனைக் கணக்கு. பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட்ஸும், ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டியும்தான். 86 டெசிபல் என்று போட்டிருந்தால், ஒரே ஒரு வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தூரத்தில் 86 டெசிபல் சத்தம் வரும். அது நிஜமாகவே சத்தம்தான், பக்கத்தில் நின்று கத்திப் பேச வேண்டியிருக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் நாம் சாதாரணமாகக் கேட்பதற்கு ஒன்றிரண்டு வாட்டே அதிகம். மிச்சமெல்லாம் தவில் திடீரென அதிரும்போது தேவைப்படும் கையிருப்பு. 83 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 86 டெசிபல் ஸ்பீக்கர் எடுத்தால், ஆம்பின் சக்தியை ரெட்டிப்பாக்கியதற்குச் சமம். ஆம்புக்குக் கொடுக்கும் காசை ஸ்பீக்கருக்குக் கொடுங்கள்.

வயருக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கச் சொல்பவர்களைக் கும்பிட்டுவிட்டு நகருங்கள். அஞ்சு மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் தாராளம். பெசன்ட் நகர், பட்டினப்பாக்கம் பக்கம் கடற்காற்று வாங்கும் வீடு என்றால் மட்டும் ஒரு விஷயம்: உப்புக்காற்றில் செம்பு முனை பச்சை பூத்துவிடும். ஒரு பக்கம் ஸ்பீக்கர் விட்டுவிட்டுப் பாடினால் ஆம்பைச் சந்தேகப்படும் முன் வயர் முனையை வெட்டிப் புதுசாகச் சீவிச் செருகிப் பாருங்கள். தங்க முலாம் பூசிய பிளக் போட்டால் இன்னும் நல்லது.

பிரச்னை ஸ்பீக்கர்ல இல்ல, பீரோல!

பாட்டு நடுவில் அறுந்து அறுந்து வருகிறது. உடனே 'நெட் ஸ்பீடு பத்தல' என்று பிளானை ஏற்றுவோம். தேவையே இல்லை. ஸ்பாட்டிஃபையின் 320 கே.பி.பி.எஸ் தரமாகட்டும், சுத்தமான சி.டி தரமாகட்டும், ஒரு ஸ்பீக்கருக்கு ஒன்றரை எம்.பி.பி.எஸ்ஸுக்கு மேல் வேண்டாம். 50 எம்.பி.பி.எஸ் பிளானில் தெருவே பாட்டு கேட்கலாம். பிரச்னை, ரூட்டரில் இருந்து ஸ்பீக்கர் வரைக்கும் சிக்னல் போகிற வழி.

ஃபைபர்காரர் வந்து வாசல் பக்கத்தில், செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே ரூட்டரை அடித்துவிட்டுப் போயிருப்பார். அங்கிருந்து பின்பக்க பெட்ரூமுக்கு நடுவில் ஒன்பது இன்ச் செங்கல் சுவர், கான்கிரீட் தூண், டைல்ஸ் ஒட்டிய பாத்ரூம், எல்லாவற்றுக்கும் மேல் அம்மாவின் இரும்பு பீரோ. வைஃபைக்கு இரும்பு பீரோவைவிடப் பெரிய எதிரி கிடையாது. ஸ்பீக்கர் பீரோவுக்குப் பின்னால் மறைகிறதா என்று பாருங்கள். ரெண்டடி தள்ளி வைத்தாலே பல வீடுகளில் கதை முடிந்துவிடும்.

தி.நகர் மாதிரி ஃப்ளாட்டோடு ஃப்ளாட் ஒட்டிய இடங்களில் இன்னொரு சிக்கல். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். அதில் அக்கம்பக்கத்து இருபது ரூட்டர்களும் சண்டை போடும். 5 கிகாஹெர்ட்ஸில் கூட்டம் குறைவு, ஆனால் சுவரைத் தாண்டச் சிரமப்படும். ஆக, ரெண்டு மூன்று பெட்ரூம் ஃப்ளாட்டுக்கு நடுவில் இன்னொரு ஆக்சஸ் பாயின்ட் வைப்பதுதான் தீர்வு. முடிந்தால் லேன் கேபிள் இழுத்து வையுங்கள். ரெண்டாவது ரூட்டரை 'ஆக்சஸ் பாயின்ட் மோட்'டில் போடுவது முக்கியம். அப்படியே விட்டால் வீட்டுக்குள் ரெண்டு தனி நெட்வொர்க் உருவாகி, போனுக்கு ஸ்பீக்கர் கண்ணிலேயே படாது. 'கெஸ்ட் நெட்வொர்க்'கில் ஸ்பீக்கரைச் சேர்த்தாலும் இதே கதிதான்.

புது ஸ்பீக்கர் வாங்கும் முன் இந்த வேலையை முடியுங்கள். பாதிப் பேருக்கு அப்கிரேடே தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

அப்புறம் அறை. நம் வீடுகளில் தரை மார்பிள் அல்லது டைல்ஸ், சுவர் மொட்டை. ஒலி பந்து மாதிரி எகிறி எகிறி வரும், குரல் கணீரென்று இல்லாமல் பாத்ரூம் பாட்டு மாதிரி கேட்கும். ஸ்பீக்கருக்கு எதிரே ஒரு ஜமுக்காளம், ஜன்னலுக்குக் கனமான திரை, சுவரில் புத்தக ஷெல்ஃப்... இதெல்லாம் மலிவான அப்கிரேடு. ஸ்பீக்கரை மூலையில் தள்ளினால் பேஸ் கூடும், ஆனால் கொழகொழவென்று ஆகும். சுவரில் இருந்து ஓர் அடி முன்னால் இழுத்துக் கேட்டுப் பாருங்கள். இப்போது பல சிஸ்டங்களில் அறையை மைக்கால் அளந்து சரிசெய்யும் வசதி இருக்கிறது. அதை ஒருமுறையாவது ஓடவிடுங்கள்.

யாருக்கு என்ன?

மார்கழி முழுக்க சபா சபாவாக அலையும் வீடு, மீதி 11 மாதமும் கர்னாடக சங்கீதம்தான் என்றால் சப்வூஃபரில் காசு போடாதீர்கள். குரல், வயலின், தம்புராவின் ரீங்காரம் எல்லாம் நடு ஸ்தாயியில்தான். அதைத் தெளிவாகச் சொல்லும் நல்ல புக்‌ஷெல்ஃப் ஜோடி போதும். இளையராஜாவின் பேஸ் கிட்டாரைக் கேட்டு வளர்ந்த வீடு என்றால் கதை மாறும். பேஸ் கிட்டாரின் அடி நரம்பு 41 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். கிச்சனில் இருக்கும் குட்டி ஸ்பீக்கருக்கு அது எட்டவே எட்டாது. அங்கே நம் மூளைதான் மேல் ஸ்வரங்களை வைத்து ஊகித்துக்கொள்கிறது. ஹாலில் குறைந்தது ஐந்து, ஆறு இன்ச் வூஃபராவது வேண்டும்.

ஒரே அறையில் ஏற்கெனவே ஒரு வைஃபை ஸ்பீக்கர் இருந்தால், அதை விற்றுவிட்டு விலை கூடினதை வாங்குவதைவிட, அதே மாடலில் இன்னொன்று வாங்கி ஸ்டீரியோ ஜோடியாக்குவது பெரும்பாலும் அதிக திருப்தி தரும். கிச்சனுக்கு ஸ்டீரியோ வேண்டாம், குக்கர் விசில்தான் ஜெயிக்கும். அடுப்புக்கும் சிம்னிக்கும் தள்ளி வையுங்கள், எண்ணெய்ப் பிசுக்கு ஸ்பீக்கர் துணியில் படிந்தால் போகாது.

இன்னொன்று, இதை ரிவ்யூ எழுதுபவர்கள் சொல்வதே இல்லை. வீட்டில் ஆப் யார் போனில் இருக்கிறது? உங்கள் போனில் மட்டும் என்றால், நீங்கள் ஆபீஸ் போனதும் அம்மாவுக்கும் பாட்டிக்கும் அது ஊமைப் பெட்டி. முன்னாடி ரேடியோவைத் திருகிக் காலையில் தானாகப் பாட்டு கேட்டவர், இப்போது பேரன் வரும்வரை காத்திருக்கிறார். அப்கிரேடு என்ற பெயரில் இது நடக்கக் கூடாது. மேலே பட்டன் உள்ள மாடல், இல்லாவிட்டால் ஸ்டேஷனைப் பதிந்துவைக்கும் ரிமோட் உள்ள ஸ்ட்ரீமர் பாருங்கள். ஒன்றாம் நம்பரை அமுக்கினால் ரேடியோ, ரெண்டை அமுக்கினால் பக்திப் பாடல். பாட்டி அறைக்கு ஸ்பீக்கர் வாங்கும்போது சவுண்டு தரத்தைவிட இதற்குத்தான் என் ஓட்டு.

கரன்ட் பில்லும் கீழ் வீட்டு மாமாவும்

வைஃபை ஸ்பீக்கர் பாடாதபோதும் விழித்தேதான் இருக்கும். ஒன்றுக்கு 4 வாட் என்று வைத்தால், ஐந்து ஸ்பீக்கருக்கு வருஷத்துக்குச் சுமார் 175 யூனிட், அதாவது ரெண்டு மாச பில்லுக்குச் சுமார் 29 யூனிட். இலவச 100 யூனிட்டில் கால்வாசிக்கு மேல் சும்மா இருந்தே சாப்பிடும். வாரக்கணக்கில் தொடாத ஸ்பீக்கரை ஸ்விட்ச்போர்டில் அணைத்துவிடுங்கள். கரன்ட் போய் வந்தால் ரூட்டருக்கு முன்னால் ஸ்பீக்கர் எழுந்து, நெட்வொர்க் தேடிக் குழம்பும். ரூட்டருக்கு ஒரு மினி யு.பி.எஸ் போட்டால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

பேஸ் சத்தம் காற்றில் போவதைவிடத் தரை வழியாக ஜோராகப் போகும். சப்வூஃபரைத் தரையில் வைத்தால் கீழ் வீட்டு மாமாவுக்கு அது சீலிங்கில் கேட்கும். கீழே கனமான ரப்பர் மேட் போடுங்கள். குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்பது 2000-ம் வருஷ ஒலி மாசு விதிகள் சொல்லும் அளவு. மாமா இதைப் படித்திருக்க வாய்ப்பு உண்டு.

செகண்ட் ஹேண்டா, அமெரிக்கா ரிட்டர்னா?

ரெண்டுமே நல்ல வழிதான், செக் பண்ணி வாங்கினால். அமெரிக்காவில் இருந்து வருவதில் அடியில் ஒட்டிய லேபிளைப் பாருங்கள். '100-240 வோல்ட்' என்றால் நேராகச் செருகலாம். '120 வோல்ட்' மட்டும் என்றால் நம் 230 வோல்ட்டில் செருகிய நொடியில் புகைதான். சப்வூஃபர்களில் இது அடிக்கடி நடக்கும். வாரன்ட்டி இங்கே செல்லுமா என்பதையும் வாங்கும் முன்பே கேட்கச் சொல்லுங்கள்.

செகண்ட் ஹேண்டு என்றால் மாடல் பெயரை வைத்து இன்னும் அப்டேட் வருகிறதா, உங்கள் மற்ற ஸ்பீக்கர்களோடு ஒரே ஆப்பில் சேருமா என முதலில் தேடுங்கள். சோனோஸ் என்றால் எஸ்1-ஆ எஸ்2-ஆ என்பதுதான் முதல் கேள்வி. விற்பவர் வீட்டிலேயே அவர் அக்கவுன்ட்டில் இருந்து ஸ்பீக்கரை நீக்கச் சொல்லுங்கள். பிறகு உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டில் சேர்த்து, சின்ன சவுண்டில் ஒரு பாட்டு, பெரிய சவுண்டில் ஒரு பாட்டு முழுசாகக் கேளுங்கள். கரகரப்பு இல்லை என்றால் பேரத்தை ஆரம்பிக்கலாம்.